ரோஸ் பவுல்: மதுரையிலிருந்து தூக்கம் விட்டுப் பார்க்கத் தகுமா?

ரோஸ் பவுல் என்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு அட்டவணையில் ஜனவரி 1 என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பிப் புத்தாண்டு அன்று சாயங்காலம் டிவி முன் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. கலிபோர்னியாவின் பாசடேனாவில் பகல் 1 மணி என்றால் மதுரையில் மறுநாள், ஜனவரி 2, அதிகாலை 2.30. அமெரிக்கச் செயலிகள் பெரும்பாலும் கிழக்குக் கரை நேரத்தைக் காட்டும். அதோடு பத்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். பசிபிக் நேரம் போட்டிருந்தால் பதின்மூன்றரை. 2025 வரை ஆட்டம் அங்கே பகல் 2 மணியை ஒட்டித் தொடங்கியது, நமக்கு 3.30. 2026 முதல் ஒரு மணி நேரம் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பழைய குறிப்பு எதையாவது பார்த்து 3.30-க்கு அலாரம் வைத்தால் முதல் பாதியில் பெரும்பகுதி போயிருக்கும்.

இங்கே மதிப்பிடுவது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பழைய பவுல் ஆட்டத்தை (பருவம் முடிந்தபின் நடக்கும் ஆட்டம்), மதுரையில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் கணக்கில். கால்பந்து என்றதும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உதைக்கும் பந்தை நினைக்க வேண்டாம். இது இரண்டு முனையும் கூரான பந்து, தலைக்கவசம், ஆளை ஆள் மோதித் தள்ளும் ஆட்டம். ஆனால் மைதானம் நம்மில் பலருக்குத் தெரிந்த இடம்தான். 1994 ஜூலை 17 உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலும் இத்தாலியும் கோலே இல்லாமல் ஆடி, கடைசியில் ராபர்ட்டோ பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்தாரே, அதே ரோஸ் பவுல் ஸ்டேடியம்.

நாட்டின் சாம்பியன் யார் என்று தெரிந்துகொள்வதற்காக இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்கு ஜனவரியில் பின்னால் வேறு இறுதி ஆட்டம் இருக்கிறது. ரோஸ் பவுலின் சரக்கு அதன் இடமும் நேரமும். எந்த மைதானம், எந்த நாள், எந்த வெளிச்சம், எந்த இரண்டு தரப்பு என்பதில் பிடிவாதமாக இருந்துதான் அது பெயர் வாங்கியது. அந்தப் பிடிவாதம் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில்தான் நாம் பார்க்கிறோம்.

ஆட்டத்துக்கு முன், அதே நாள் காலையில் ஒரு பூ ஊர்வலம் நடக்கும். ஆட்டத்தைவிட அது மூத்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் வரலாறு பிடிபடாது. பாசடேனாவின் வேலி ஹண்ட் கிளப் என்ற வேட்டைக் கழகத்தார் 1890 ஜனவரி 1-ல் பூவால் அலங்கரித்த குதிரை வண்டிகளை ஊர்வலமாக விட்டார்கள். நியூயார்க்கில் பனி கொட்டும் நாளில் எங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது, பார் என்று காட்டும் விளம்பரம்தான் நோக்கம். அது வளர்ந்து இன்று கொலராடோ பூல்வார்டு சாலையில் ஐந்தரை மைல் தூரம், சுமார் இரண்டு மணி நேரம் போகிறது. காலை 8 மணிக்குத் தொடக்கம். மதுரைக்கு ஜனவரி 1 இரவு 9.30. குழந்தைகளையும் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பார்க்க ஏற்ற பகுதி இதுதான். ஆட்டத்தின் ஒரு விதிகூடத் தெரியாவிட்டாலும் குறையில்லை.

பூ விஷயத்தில் மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர யாருக்கும் தகுதி கிடையாது. 2013-ல் நம் மல்லிக்குப் புவிசார் குறியீடே வந்துவிட்டது. அப்படிப்பட்ட கண்ணுக்கும் அந்த வண்டிகள் சோடை போவதில்லை. விதி கறாரானது: வண்டியில் வெளியே தெரியும் ஒவ்வொரு அங்குலமும் பூ, இலை, விதை, பட்டை, தோல் என்று ஏதாவது ஒரு தாவரப் பொருளால் மூடியிருக்க வேண்டும். தெரிகிற இடத்தில் வெறும் பெயிண்ட் கூடாது. விதையும் பொடியும் முன்கூட்டியே ஒட்டிவிடலாம், வாடாது. ரோஜா வாடும். அதனால் ஒவ்வொரு ரோஜாவையும் தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பியில் தனித்தனியாகச் செருகி, கிறிஸ்துமஸ் கழிந்து கடைசி ஐந்தாறு நாளில்தான் வண்டியில் குத்துகிறார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலை விலை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி நாட்களின் அவசரம் புரியும். ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் என்ன பூ, என்ன விதை என்று ஒவ்வொரு வண்டிக்கும் சொல்லிக்கொண்டே வருவார்கள். சத்தத்தை அணைக்காமல் பாருங்கள்.

ஊர்வலத்துக்கு ஒரு வினோத விதி உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் நடக்காது. 1893-ல் ஜனவரி 1 ஞாயிறாக வந்தபோது, சர்ச் வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் மிரண்டு பிரார்த்தனை கெட்டுவிடும் என்று திங்கட்கிழமைக்கு மாற்றினார்கள். குதிரைகள் போய் நூறு வருடம் ஆகியும் விதி அப்படியே இருக்கிறது. ஆட்டமும் ஊர்வலத்தோடு சேர்ந்து நகரும். 2017-லும் 2023-லும் ஜனவரி 2-ல்தான் நடந்தது.

ஊர்வலச் செலவைச் சரிக்கட்டக் கூட்டம் சேர்க்கும் ஐட்டமாகத்தான் 1902-ல் கால்பந்தைச் சேர்த்தார்கள். கிழக்கே இருந்து மிச்சிகன், மேற்கே இருந்து ஸ்டான்போர்டு. மிச்சிகன் கோச் ஃபீல்டிங் யோஸ்ட் அதற்கு முந்தைய பருவம்வரை ஸ்டான்போர்டுக்கே கோச்சாக இருந்தவர். அந்தப் பருவத்தில் மிச்சிகனுக்கு எதிராக ஒருவரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, ஸ்டான்போர்டும் எடுக்கவில்லை. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு அப்போது 6 அல்ல, 5 புள்ளிதான். அந்தக் கணக்கிலேயே 49-0. மிச்சிகனின் நீல் ஸ்னோ ஒருவரே ஐந்து டச்டவுன். எட்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே ஸ்டான்போர்டு கையைத் தூக்கிவிட்டது. மிச்சிகன் பதினோரு பேரோடு ஆரம்பித்து அதே பதினோரு பேரோடு முடித்தது.

ஏற்பாட்டாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்கு அடுத்த வருடம் யார் டிக்கெட் வாங்குவார்கள்? கால்பந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு 1903-ல் போலோ, 1904 முதல் ரோமானியத் தேர்ப் பந்தயம். தீக்கோழிப் பந்தயம் விட்டார்கள். ஒரு வருடம் ஒட்டகத்தையும் யானையையும் ஓடவிட்டார்கள், யானை ஜெயித்தது. கால்பந்து திரும்பி வந்தது 1916-ல்தான். வாஷிங்டன் ஸ்டேட் 14-0 என்று பிரவுன் அணியை மழைச் சேற்றில் தோற்கடித்தது. பிரவுன் அணியில் ஆடிய ஃபிரிட்ஸ் போலார்டுதான் இந்த ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பினத்தவர். அன்றிலிருந்து ஒரு வருடம்கூட விடவில்லை. முதல் உலகப் போரில் கல்லூரிகளில் ஆள் இல்லாதபோதும், 1918-லும் 1919-லும் ராணுவ முகாம் அணிகளை வைத்து நடத்தினார்கள்.

தனித்தனியாக இருந்த இரண்டு விழாவை ஒன்றாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதை மதுரைக்கு விளக்க வேண்டியதில்லை. தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவைத்து, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தது திருமலை நாயக்கர் என்று இங்கே சொல்லாதவர் கிடையாது. இன்று அழகர் ஆற்றில் இறங்காத சித்திரையை யோசிக்க முடியுமா? பாசடேனாவிலும் ஒட்டு அப்படித்தான் பிடித்துக்கொண்டது. ஒரு வித்தியாசம்: அங்கே மூலவிழா சின்னதாகி, பக்கத்தில் வைத்த ஆட்டம் உலகத்துக்குத் தெரிந்ததாகிவிட்டது.

கூட்டம் தாங்காமல் பழைய டோர்னமென்ட் பார்க்கை விட்டு, அரோயோ செகோ என்ற வறண்ட ஓடைப் பள்ளத்தில் 1922-ல் புது ஸ்டேடியம் கட்டினார்கள். வடிவமைத்தவர் மைரன் ஹண்ட். யேல் பல்கலைக்கழகத்தின் 'யேல் பவுல்' மைதானம் முன்மாதிரி. கிண்ணம் மாதிரி இருப்பதால் இதற்கும் பவுல் என்றே பெயர் ஒட்டியது. அப்போது தெற்குப் பக்கம் திறந்த குதிரை லாட வடிவம்தான். 1928-ல் அடைத்து முழுக் கிண்ணமாக்கினார்கள். கட்டடத்தின் பெயர் ஆட்டத்துக்கு வந்து, பிறகு ஆரஞ்ச் பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல் என்று 1930-களில் மற்ற ஊர்களும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டன. பருவம் முடிந்தபின் நடக்கும் எந்த ஆட்டத்துக்கும் பவுல் என்று பெயர் வந்த கதை இதுதான். பரிசாகக் கிண்ணம் தருகிறார்கள் என்று சிலர் எழுதுவது தப்பு.

புது மைதானத்தின் முதல் ரோஸ் பவுல், 1923. பென் ஸ்டேட் அணி ஊர்வலக் கூட்ட நெரிசலில் மாட்டி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எதிரணியான தெற்குக் கலிபோர்னியாவின் கோச்சும் பென் ஸ்டேட் கோச்சும் மைதானத்தில் கைகலப்பு வரை போனார்கள். ஒரு மணி நேரம் தாமதம். ஆட்டம் முடியும்போது இருட்டிவிட்டது. நிருபர்கள் தீக்குச்சி வெளிச்சத்தில் செய்தி எழுதினார்கள். தெற்குக் கலிபோர்னியா 14-3. அலங்காநல்லூர் வாடிவாசலா, கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த புது அரங்கமா என்று இங்கே நடந்த பேச்சைக் கேட்டவர்கள், இடம் மாறும் முதல் வருடத்தில் இப்படி ஏதாவது நடக்கும் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

1929 ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவுக்கும் ஜார்ஜியா டெக்குக்கும் நடந்தது. ஜார்ஜியா டெக் ஆள் பந்தை நழுவவிட, கலிபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் எடுத்தார். ஆட்களைத் தட்டிவிட்டுத் திரும்பியதில் திசை குழம்பி, தன்னுடைய எல்லைக்கோட்டை நோக்கியே ஓடினார், சுமார் 65 யார்டு. பின்னாலேயே கத்திக்கொண்டு துரத்திய சக ஆட்டக்காரர் பென்னி லோம் ஒரு வழியாகப் பிடித்து நிறுத்தியது ஒரு யார்டு மிச்சம் இருக்கையில். அங்கிருந்து பந்தைத் தூரத்துக்கு உதைத்து ஆபத்தைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார்கள். உதையை எதிரணி தடுத்துவிட்டது. தன் எல்லைக்குள்ளேயே மாட்டியதால் எதிரணிக்கு 2 புள்ளி, அதன் பெயர் சேஃப்டி. முடிவு 8-7. அந்த இரண்டு புள்ளிதான் ஜார்ஜியா டெக்கை ஜெயிக்க வைத்தது. ரீகல்ஸ் இரண்டாம் பாதியிலும் இறங்கி ஆடினார், எதிரணியின் உதை ஒன்றைத் தடுத்தார், அடுத்த பருவத்தில் கேப்டனும் ஆனார். கேலி செய்பவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதே இல்லை. செய்திப்பட நொடிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு நிமிடம்கூட ஆகாது, முதலில் அதைப் பாருங்கள்.

பாசடேனாவை விட்டு ஆட்டம் வெளியே போனது 1923-க்குப் பிறகு இரண்டே தடவை. பேர்ல் துறைமுகத்தில் 1941 டிசம்பர் 7-ல் குண்டு விழுந்ததும் மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடத் தடை வந்தது. டியூக் பல்கலைக்கழகம் தன் மைதானத்தைத் தந்தது. வட கரோலினாவின் டர்ஹாமில், பக்கத்துக் கல்லூரிகளின் பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டு, 56,000 பேர் முன்னால் மழையில் ஆடினார்கள். வந்த விருந்தாளி ஓரிகன் ஸ்டேட் 20-16 என்று வீட்டுக்காரரையே ஜெயித்துவிட்டுப் போனது. இரண்டாவது 2021, கொரோனா காலம், டெக்சஸின் ஆர்லிங்டன். அலபாமா 31, நோட்டர் டேம் 14. கூரை போட்ட மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தைப் பார்த்தால் ரோஸ் பவுல் என்றே தோன்றாது. விட்டுவிடலாம்.

1947 ஆட்டத்திலிருந்து ஒரு ஒப்பந்தம். மேற்குக் கரை லீக் சாம்பியனும், இன்று பிக் டென் என்று சொல்லும் நடுமேற்கு லீக் சாம்பியனும் ஒவ்வொரு வருடமும் மோதுவது. ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பனியில் உறைந்த ஊர்க்காரன் ஒருவன், வெயில் ஊர்க்காரன் ஒருவன். ஒவ்வொரு ஜனவரியும் அதே பகை. மேலமடை மாடா கீழமடை மாடா என்கிற ரகப் பகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தின் நல்ல வேடிக்கை 1961. வாஷிங்டன் பல்கலைக்கழக ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டும் வித்தைக்குத் தயாராக இருந்தார்கள். பாசடேனாவிலேயே இருக்கும் கால்டெக் பொறியியல் மாணவர்கள் 14 பேர், எந்த இருக்கைக்காரர் எந்த அட்டையைத் தூக்க வேண்டும் என்ற குறிப்புத் தாள்களை ரகசியமாக மாற்றிவைத்துவிட்டார்கள். நேரடி ஒளிபரப்பில் வாஷிங்டனின் சின்னமான நாய்க்குப் பதில் கால்டெக்கின் சின்னமான நீர்நாய் போன்ற பீவர் வந்தது. அணியின் பெயர் தலைகீழாக வந்தது. கடைசியில் 'கால்டெக்' என்றே பெரிய எழுத்தில் வந்து நின்றது. ஆடிய இரண்டு அணியிலும் கால்டெக் இல்லை.

ஆட்டமாக எடுத்துக்கொண்டால் பழையதில் முதலிடம் 1963-க்கு. தெற்குக் கலிபோர்னியா நாட்டின் முதல் இடம், விஸ்கான்சின் இரண்டாம் இடம். நாலாவது குவார்ட்டர், அதாவது கடைசிக் கால் பகுதியின் தொடக்கத்தில் 42-14. டிவியை அணைத்தவர்கள் பாவம். விஸ்கான்சினின் ரான் வாண்டர்கெலன் மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில் பந்தை எறிந்து எறிந்து, ஆட்டம் முழுவதற்குமாக 401 யார்டு சேர்த்தார். அணி அதற்குப் பிறகு 23 புள்ளி எடுத்தது, எதிரணிக்கு ஒன்றுகூட விடவில்லை. 42-37-ல் நேரம் முடிந்துவிட்டது. தோற்ற அணியின் பெயரைச் சொல்லி நினைவில் வைத்திருக்கும் ஆட்டம் இது. கூட்டத்தில் சாதனை 1973: 1,06,869 பேர். இன்று இடம் ஏறக்குறைய 90,000 பேருக்கு.

இனி சரிவின் கதை. நாட்டு சாம்பியனை ஒரே ஆட்டத்தில் தீர்மானிக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் ரோஸ் பவுலும் 1998 பருவத்திலிருந்து பொது ஏற்பாட்டில் சேர்ந்தது. விளைவு, 2002-ல் மயாமியும் நெப்ராஸ்காவும் ஜனவரி 3-ல் ஆடின. பழைய இரண்டு தரப்பில் ஒருவர்கூட இல்லை. 2015-ல் நாட்டு சாம்பியன் பட்டத்துக்கான அரையிறுதியானது. 2024-ல் மேற்குக் கரை லீக்கே உடைந்து, தெற்குக் கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன் எல்லாம் பிக் டென்னிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. 2025 ஜனவரியில் ஓஹையோ ஸ்டேட் 41, ஓரிகன் 21. இரண்டுமே பிக் டென் அணிகள்! மாமனும் மச்சானும் மோத வேண்டிய இடத்தில் அண்ணனும் தம்பியும். அதுவும் காலிறுதி.

மிச்சம் இருந்தது நேரம். மைதானத்துக்குப் பின்னால் சான் கேப்ரியேல் மலை. பகல் 2 மணிக்குத் தொடங்கினால், ஜனவரி 1-ல் அங்கே மாலை 5-ஐ ஒட்டிச் சூரியன் மறையும்போது மூன்றாவது குவார்ட்டர் முடியும் தறுவாய். மலை சிவந்து, பிறகு நீலமாகி, விளக்கு வெளிச்சம் புல்லில் விழ ஆரம்பிக்கும். நாலாவது குவார்ட்டர் முழுவதும் இரவு ஆட்டம். ஒரே ஆட்டத்தில் பகலும் இரவும். அடுத்து வரும் ஆட்டம் தாமதமாகாமல் இருக்க ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதில் அந்த மாற்றம் ஆட்டத்தின் கடைசி ஓரத்துக்குப் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் டிவிக்காரர்கள் செய்தது நியாயம்தான். பார்க்கிற கண்ணுக்கு நஷ்டம். ஐந்துக்கு ஒரு மதிப்பெண் இதற்காகவே குறைத்தாயிற்று.

விதி தெரியாதவர்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். ஒரு பக்கம் 11 பேர். மைதானம் 100 யார்டு நீளம். ஒரு யார்டு என்பது ஜவுளிக்கடையில் சொல்லும் ஒரு கஜம், 36 அங்குலம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நாலு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால்தான் மூன்றாவது டவுனில் போகாவிட்டால் நாலாவதில் பெரும்பாலும் உதைத்துத் தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நாலாவதிலும் துணிந்து ஓடினால் எழுந்து உட்காருங்கள். கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 1, மறுபடி ஓடியோ எறிந்தோ கோடு தாண்டினால் 2. டச்டவுன் இல்லாமல் நேரடியாகக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 3. தன் எல்லைக்குள்ளேயே மாட்டினால் எதிரிக்கு 2.

திரையில் தெரியும் மஞ்சள் கோடு புல்லில் கிடையாது, கணினி வரைவது. அதுவரை போனால் புது நாலு வாய்ப்பு என்று அர்த்தம். அதை மட்டும் பார்த்தாலே பாதி ஆட்டம் விளங்கும். மஞ்சள் துணி பறந்து விழுந்தால் தவறு நடந்திருக்கிறது. டச்டவுன் என்று குதிப்பதற்கு முன் தரையில் துணி இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்முறை ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள்: கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவரின் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும்; ஆளை யாரும் தொடாவிட்டாலும் முழங்கால் தரையில் பட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. சமன் ஆனால் கடிகாரம் இல்லை. இரண்டு அணிக்கும் 25 யார்டிலிருந்து ஆளுக்கொரு முறை.

குவார்ட்டர் 15 நிமிடம், நாலு குவார்ட்டர், ஆக ஒரு மணி நேரம் என்று நினைத்துவிட வேண்டாம். கடிகாரம் அடிக்கடி நிற்கும், விளம்பரம் வரும், நடுவர் வீடியோ பார்ப்பார். மூன்றரை மணி நேரம் நிச்சயம். 2.30-க்குத் தொடங்கினால் பாதி ஆட்டம் 4 மணி சுமாருக்கு, முடிவது 6-ஐ ஒட்டி. இடைவேளை 20 நிமிடம். இரண்டு கல்லூரியின் பேண்டு வாத்தியமும் அந்த நேரத்தில்தான் மைதானத்தில் இறங்கும். ஒளிபரப்புக்காரர்கள் அதைக் காட்டாமல் ஸ்டூடியோவில் நாலு பேரை உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள். நையாண்டி மேளம் அடிக்கும்போது கேமராவைத் திருப்பிக்கொள்வது மாதிரியான வேலை. அந்த இருபது நிமிடத்தில் தெருமுனைக் கடையில் பால் காய்ந்திருக்கும், மார்கழி என்பதால் கோயில் ஒலிபெருக்கியும் பாட ஆரம்பித்திருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைக் காட்டுவது ஈஎஸ்பிஎன். இந்தியாவில் உரிமை கை மாறக்கூடியது. போன வருடச் செயலியை நம்பி சந்தா கட்டாமல், டிசம்பர் கடைசி வாரத்தில் அட்டவணையில் ஆட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மாதச் சந்தா இருக்கும்போது வருடச் சந்தா வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மாதம் போதும். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 720 தரத்தில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி, 1080-ல் இரண்டு முதல் மூன்று. மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாள் பேக் தாங்காது. ஆட்டம் நள்ளிரவுக்குப் பிறகு என்பதால் செலவாவது ஜனவரி 2-ன் ஒதுக்கீடு. விடிந்து அலுவலகத்துக்குக் கிளம்பும்போது டேட்டா தீர்ந்திருக்கும். வீட்டு ஃபைபர் இருந்தால் அதிலேயே பாருங்கள், ரூட்டரை இன்வர்ட்டர் லைனில் மாட்டிவிட்டு. விளம்பர இடைவேளையில் சில செயலிகளில் ஒரே அட்டைப்படம் நிற்கும். நெட் போய்விட்டது என்று மூடித் திறந்தால் மறுபடி உள்ளே வருவதற்குள் ஒரு டச்டவுன் போய்விடும்.

மொத்தமும் விழிக்க முடியாதவர்கள் 4.15-க்கு எழுந்து இரண்டாம் பாதியை மட்டும் பார்க்கலாம். சுருக்கத் தொகுப்பு மட்டும் போதும் என்று விடுவதில் ஒரு கெடுதல்: பத்து நிமிடத்தில் டச்டவுன்களை மட்டும் ஒட்டிவைத்திருப்பார்கள்; நாலாவது டவுனில் ஒரு யார்டுக்காக இரண்டு கும்பலும் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சிதான் இந்த ஆட்டத்தின் உயிர், அது வெட்டுப்பட்டுப் போகும்.

பழைய ஆட்டத்தில் எதில் தொடங்குவது? 2006. டெக்சஸ் 41, தெற்குக் கலிபோர்னியா 38. அதற்கு முன் 34 ஆட்டம் தொடர்ச்சியாக ஜெயித்த தெற்குக் கலிபோர்னியா, கடைசிக் கட்டத்தில் நாலாவது டவுனில் 2 யார்டு எடுக்க முடியாமல் பந்தைக் கொடுத்தது. டெக்சஸின் வின்ஸ் யங், 19 வினாடி மிச்சம் இருக்க, அதுவும் நாலாவது டவுனில், எறிய ஆள் கிடைக்காமல் தானே வலப்பக்கம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். ஓட்டத்தில் மட்டும் 200 யார்டு. நாலாவது டவுன் என்றால் என்ன என்பதை இரண்டு பக்கமும் வைத்துக் காட்டும் ஆட்டம் இதைவிட வேறு கிடையாது. வர்ணனையில் கீத் ஜாக்சன். அவருடைய கடைசி ஆட்டமும் இதுதான்.

அடுத்தது 2018. ஜார்ஜியா 54, ஓக்லஹோமா 48, இரண்டு கூடுதல் சுற்று. ரோஸ் பவுலில் கூடுதல் சுற்றுக்குப் போன முதல் ஆட்டம். வெளிச்சம் மாறுவதற்காகவே இதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். 2022-ல் ஓஹையோ ஸ்டேட்டின் ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா ஒருவரே 15 பந்து பிடித்து 347 யார்டு. அணி 48-45 என்று யூட்டாவை ஜெயித்தது. தடுப்பாட்டம் பிடிப்பவர்களுக்கு இது ஆகாது, இரண்டு பக்கமும் ஓட்டை. அவர்களுக்கு 2024: மிச்சிகன் 27, அலபாமா 20. கூடுதல் சுற்றில், நாலாவது டவுனில், கோட்டுக்கு மூன்று யார்டில் அலபாமாவை மறித்து நிறுத்தி முடித்தார்கள். 2017-ன் தெற்குக் கலிபோர்னியா 52, பென் ஸ்டேட் 49 ஆட்டமும் நல்லதுதான், நேரம் இருந்தால்.

மதிப்பெண்: பூ ஊர்வலத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஆட்டத்துக்கு நாலு, குறைத்த ஒன்று எதற்கென்று மேலே சொல்லியாயிற்று. மதுரையிலிருந்து பார்க்கும் வசதிக்கு இரண்டரை, அதற்குக் காரணம் அதிகாலை 2.30. ஆனால் அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு முதல் நாள் ராத்திரியே போய் இடம் பிடிக்கிறவர்களுக்கு இந்த நேரம் பெரிதாகத் தெரியாது. தை 1-க்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஒத்திகை.

ஞாயிறு விதி மாறாவிட்டால், அடுத்து நாள் தள்ளிப்போவது 2034-ல். அந்த வருடம் மட்டும் அலாரத்தை ஜனவரி 3-க்கு வையுங்கள்.